வியாழக்கிழமைக்கு ரெண்டு கட்டில்

ஹலோ... ஹலோ! ... ஆமாம்மா, ட்ரங்க் கால், மெட்ராஸ்தான் கேட்டேன்... காலையில எட்டு மணிக்குக் கேட்டேன், இப்ப பதினொண்ணரை... இல்லம்மா, கோவமெல்லாம் இல்ல. கணக்கு வாத்தியாரு புத்தி, மணி பாக்காம இருக்க முடியல... சரி, சரி, இருக்கேன்... இருக்கேன்...

ஹலோ! ஆஸ்பத்திரியா? ... அய்யா, அங்க ஆபரேசன் ரூம்ல கம்பவுண்டர் பிலவேந்திரன்னு... ஆமா, பிலவேந்திரன். ஒசரமா, ஒல்லியா, காது கொஞ்சம் பெருசா... ஆமா ஆமா, அவனேதான். அக்கா வூட்டுக்காரர் அரியலூர்லேருந்து கூப்புடுறாருன்னு சொல்லுங்க... இல்லங்க, யாரும் சாவல. சாவுன்னா தந்தி அடிச்சிருப்பேன்... சரிங்க, நிக்கிறேன்.

போஸ்ட்மாஸ்டர் சார், கூப்புடப் போயிருக்காங்க. கொஞ்சம் நேரம் ஆவும் போலருக்கு... நீங்க உங்க வேலையப் பாருங்க சார், என்னைப் பாக்காதீங்க, எனக்குக் கூச்சமா இருக்கு...

ஹலோ... மாப்ள! ... நான்தான், அடைக்கலசாமி... இல்ல, உங்க அக்கா லீலா நல்லா இருக்கா. புள்ளைங்க நல்லா இருக்குதுங்க. மாடு, கண்ணு எல்லாம் நல்லா இருக்கு... போஸ்ட் ஆபீஸ்லேருந்து. ஆமா, அரியலூர். எனக்குப் பின்னால பத்து பேரு நிக்கிறாங்க, அதனால நான் சொல்றத நீ பதமாப் புரிஞ்சிக்கணும்... அந்த விருந்தாளி திரும்ப வந்திருக்கு... விருந்தாளிடா! பொங்கலுக்கு முன்னாடி வந்துச்சே... அய்யோ, ஆளு இல்ல மாப்ள. செவப்பா வருமே... எங்க வருமா? எங்க வரும்னு எப்படிச் சொல்றது இங்க நின்னுக்கிட்டு... கீழ... கீழ வருமே...

கேக்கலையா? ... இன்னும் சத்தமாவா? ... மாப்ள, கொஞ்சம் காதத் தீட்டிக்கிட்டு... கேக்கவே இல்லையா? ... ரத்தம்! ... ரத்தம் மாப்ள! மூத்திரத்துல ரத்தம்! திரும்பவும் வருது!

கேட்டுச்சா? ... உனக்கு மட்டுமா கேட்டுச்சு. இங்க தபாலுக்கு முத்திரை குத்திக்கிட்டிருந்தவரு கைய அந்தரத்துலயே நிறுத்திட்டாரு. மணியார்டர் பாரத்தோட நிக்கிற அம்மா என் வேட்டியவே பாக்குது... போவட்டும். இனிமே கிசுகிசுன்னு பேசி என்ன ஆவப்போவுது.

எத்தினி நாளாவா? ... ஒரு... நாலு நாளு. ஆமா, நாலு... சரி, ஒரு வாரம்... மாப்ள, நீ கம்பவுண்டரா போலீஸா? ... இருபத்திரெண்டு... ஆமா, இருபத்திரெண்டு நாளு. வேட்டிக் கணக்கு தப்பாது. நானேதான் தொவைக்கிறேன், விடிஞ்சதும் கொளத்துக்குப் போயி. பதினெட்டு வருசக் கலியாணத்துல எம் வேட்டிய நானே தொவைக்கிறது இதான் மொத தடவ. எனக்கு நின்னது மாதாவோட மொத புதுமை, இது ரெண்டாவதுன்னு உங்க அக்கா தெருவெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கா... இல்ல, அவளுக்குத் தெரியாது... தெரியாது மாப்ள. பள்ளிக்கூடம் தெறக்குறதுக்குள்ள மேப்பு வாங்கணும்னு சொல்லிட்டு வந்திருக்கேன். திரும்பிப் போறப்ப ஒரு மேப்பு வேற வாங்கிக்கிட்டுப் போவணும்.

வலியா? ... துளிகூட இல்ல. அதான எனக்குத் தைரியமே... என்னது? வலி இல்லாததுதான் மோசமா? ... இது என்னடா ஞாயம்! வலிச்சா மெதுவாப் போலாம், வலிக்கலன்னா ஓடணுமா? ... ம்... ம்... சரி. கலரா? ஞாயித்துக்கிழமை கறி அலசுவாளே உங்க அக்கா, அந்தத் தண்ணி. ரெண்டாவது அலசல்... சில நாளு மொத அலசல்... கட்டியா? ... ம். நேத்து வந்துச்சு. கோவைப்பழத் தோலு மாதிரி ரெண்டு... அடைப்பு இல்ல, போவுது. கொஞ்சம் யோசிச்சு யோசிச்சுப் போவுது, நம்ம ஊரு பஸ்ஸு மாதிரி... நான் வெளையாடல மாப்ள. பயத்துல வாயி இப்படிப் பேசும், உனக்குத் தெரியாதா.

திட்டு. நல்லாத் திட்டு... ம்... ஆமா... ஆமா, ஆமா... பத்து நாள்ல டாக்டர் வரச் சொன்னாரு, நான் வரல. ஒத்துக்கிறேன்... கொட்டப்பாக்கு அளவுல உள்ள வளந்திருக்குன்னு அப்பவே குழாய உள்ள விட்டுப் பாத்துட்டாரு. காகிதத்துல படம் போட்டுக்கூடக் காட்டுனாரே. மூத்திரப்பைய சுரக்கா மாதிரி வரைஞ்சு, உள்ள ஓரமா கோழிக்கொண்டைப் பூ மாதிரி ஒண்ணு. 'வயித்தக் கிழிக்க வேணாம் வாத்தியாரே, இப்பப் பாத்த அதே வழியில இன்னொரு குழாய விட்டு, நுனியில இருக்குற கம்பிய கரண்டுல சூடாக்கி, செதுக்கிச் செதுக்கி எடுத்துடலாம்'னாரு. எல்லாம் ஞாபகம் இருக்கு... ஆமா. 'மாதா கிருபையால் சுகமாயிட்டேன், கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடவும்'னு கடுதாசி போட்டதும் நான்தான். கையெழுத்து நல்லா இருந்துச்சா? ... சரி, சரி, சிரிக்கல.

ஏன் வரலைன்னு கேளு, சொல்றேன்... பயமும்தான். இல்லைங்கல. அந்தக் குழாயத் தொடச்சுக் குடுக்குறவன் நீ, உள்ள வாங்கிக்கிட்டவன் நான். ரெண்டு பேரு பார்வையும் ஒண்ணா இருக்குமா? ... மருந்த ஊத்தி மரத்துப்போவ வச்சாங்க, பெருசா வலியில்ல, அதையும் ஒத்துக்கிறேன். ஆனா பெரம்பக் கையில வச்சிக்கிட்டு ஒரு பள்ளிக்கூடத்தையே ஆட்டி வச்சவன், ரெண்டு காலையும் ரெண்டு கம்பத்துல தூக்கிப் போட்டுக்கிட்டு மேக்கூரையப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். நர்சம்மா வேற வந்து, 'பயப்படாதீங்க தாத்தா'ங்குது. தாத்தா! எனக்கு நாப்பத்தெட்டுடா!

சரி, பயம் பாதிதான். மீதி கத உனக்குத் தெரியாது. உங்க அக்கா எழுதியிருக்க மாட்டா... ஊருக்குத் திரும்பி வந்தேனா. மறுநாளே லீலா ஏலாக்குறிச்சி போயி மாதா கோயில் மண்ணு கொண்டாந்து அடிவயித்துல பூசுனா. ரெண்டு நாளு பூசுனா. மூணாவது நாளு தெளிஞ்சு போச்சு மாப்ள. கெணத்துத் தண்ணி மாதிரி... ம்... அதுவா நிக்கும், அதுவா வரும்னு இப்ப நீ சொல்ற. அப்ப யாரு சொன்னா? ... டாக்டர் சொன்னாரா? நீ பக்கத்துல நின்னியா? ... இருக்கும். சொல்லியிருப்பாரு. நான் அப்ப தாத்தாங்கறதையே நெனச்சிக்கிட்டு இருந்திருப்பேன்.

அதோட சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்குற வாயா இது? அடுத்த ஞாயித்துக்கிழமை பூச முடிஞ்சதும் சாமியார் கூப்புட்டு, 'வாத்தியாரே, மாதா செஞ்ச உபகாரத்த ஜனங்களுக்கு ரெண்டு வார்த்த சாட்சி சொல்லுங்க'ன்னாரு. ரெண்டு வார்த்த. நான் முக்கா மணி நேரம் பேசுனேன்... பேசுனேனா, நடிச்சேன்டா! மெட்ராஸ் டாக்டர் குழாயத் தூக்கிக்கிட்டு வர்றத நடந்தே காட்டுனேன். 'அவங்க வெளக்கக் கொளுத்தி உள்ள விட்டுத் தேடுனாங்க, நம்ம தாயி வெளிய நின்னே பாத்துட்டா'ன்னேன். கோயிலே சிரிச்சுது. சாமியாரு மேல்துண்ட வாயில வச்சிக்கிட்டாரு. இன்னிவரைக்கும் அத எங்கயாவது நாலு பேரு சொல்லிச் சிரிக்கிறாங்க...

அந்த டாக்டரு எவ்வளவு பதமாப் பாத்தாரு தெரியுமா? குழாய் உள்ள இருக்கறப்ப, 'ஊர்ல மழ உண்டா, கடலை எப்படி, கம்பு வெளஞ்சுதா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு, என் நெனப்ப வேற பக்கம் திருப்பறதுக்கு. அந்த மனுசனக் கோமாளியாக்கி ஊர்முன்னால நிறுத்துனேன். எதுக்கு? நாலு பேரு சிரிக்கிறதுக்கு.

இல்ல, மாதாமேல கொற சொல்லாத. நானும் சொல்ல மாட்டேன். 'உனக்கு நின்னு போச்சு, போயிச் சொல்லு'ன்னு அவ எங்கிட்ட சொல்லல. நானா அவ பேர்ல கையெழுத்துப் போட்டு விநியோகம் பண்ணிட்டேன். தப்பு போட்டவன்மேல, பேருக்குச் சொந்தக்காரிமேல இல்ல.

இப்ப வர்ற ஞாயித்துக்கிழமை ஏலாக்குறிச்சித் திருவிழா. எங்க ஊர்லேருந்து முப்பது வண்டி கட்டுறாங்க. மொத வண்டியில யாரு? சொகமான வாத்தியாரு, கையில மெழுகுவத்தியோட. உங்க அக்கா காணிக்கைக்கு, சொகமான உறுப்ப வெள்ளியில செய்யச் சொல்லியிருக்கா... கண்ணு, கையி, காலுன்னா தட்டாரு செஞ்சு பழக்கம். மூத்திரப்பைன்னா அவருக்கு எப்படித் தெரியும்? எங்கிட்ட கேட்டாரு. நான் டாக்டர் போட்ட படத்த நெனச்சிக்கிட்டு, சுரக்கா மாதிரி இருக்கும்னேன். அவரு சுரக்காயே பண்ணிட்டாரு. காம்போட... யாரு சிரிச்சா? நீயா? ... சார், நீங்களா? ... போஸ்ட்மாஸ்டர்டா. பாலசுந்தரம் சாரு. நல்ல மனுசன், பாவம், அடக்கிப் பாத்திருக்காரு.

ஹலோ? ... ஆமாம்மா, பேசிக்கிட்டுதான் இருக்கோம்... இன்னொரு மூணு நிமிசம் போட்டுக்குங்க... அதுக்கப்புறமும் ஒரு மூணு நிமிசம் போட்டுக்குங்க...

மாப்ள, இருக்கியா? ... இதக் கேளு. எனக்குக் கட்டில் கேக்க நான் போன் போடல. உத்திராபதிக்கு... வண்டி ஓட்டுற உத்திராபதி. நீ ஊருக்கு வர்றப்பல்லாம் ரயிலடியில வந்து நிப்பானே, உம் பெட்டிய உன்னத் தொடவே விடமாட்டானே... ஆமா, அவன்தான். எனக்கு வந்ததேதான் அவனுக்கும். ரெண்டு மாசமா... காட்டுனான். இங்க ஆஸ்பத்திரியில பாத்துட்டு, 'உடனே மெட்ராஸ் போ, குழாய் விட்டுப் பாக்கணும்'னு சீட்டே எழுதிக் குடுத்தாங்க. போவல... ஏன் போவல? நான் கோயில்ல பேசுனத அவன் சன்னலுக்கு வெளிய நின்னு கேட்டிருக்கான், அதான்.

'வாத்தியாருக்கே குழாய் இல்லாம நின்னுச்சு, எனக்கெதுக்குக் குழாயி'ன்னு ஏலாக்குறிச்சிக்கு நடந்தே போனான். வண்டி வச்சிருக்குறவன், நேர்ந்துக்கிட்டு நடந்து போனான். மண்ணு எடுத்தாந்து பூசுனான். மூணு நாளு நின்னுச்சு, நாலாம் நாளு வந்துச்சு. திரும்ப நடந்தான். திரும்ப வந்துச்சு. மூணு தடவ நடந்திருக்கான்... ஆளு பாதியா எளைச்சுட்டான் மாப்ள.

போன வாரம் வூட்டு வாசல்ல வந்து நின்னான். தலையக் குனிஞ்சிக்கிட்டே கேக்குறான், 'வாத்தியாரய்யா, நான் உங்க வேதக்காரன் இல்லைங்களே, அதனாலதான் எனக்குப் பலிக்கலைங்களா? இல்ல, நான் எங்கயாவது குத்தம் பண்ணியிருப்பேனா? யோசிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணும் தெரியலைங்களே'ன்னு...

என்ன சொன்னேன்னா? ... விசுவாசத்தோட இருன்னேன்... ஆமா. அப்படித்தான் சொன்னேன். எம் வேட்டி கொல்லையில ஈரமாத் தொங்கிக்கிட்டு இருக்கு, நான் முன்வாசல்ல நின்னுக்கிட்டு விசுவாசத்தோட இருன்னேன்... நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அதுக்கு என்ன பேருன்னு எனக்கே தெரியும். 

அதனால ஒரு யோசன. நீ டாக்டர் பேர்ல உத்திராபதிக்கு ஒரு தந்தி அடி, 'உடனே புறப்பட்டு வரவும்'னு... ஏன் முடியாது? ... டாக்டருக்கு என்னை எப்படித் தெரியும்னு கேக்க மாட்டான்... கேப்பான். சரி, கேப்பான். அப்ப ஒரு கடுதாசி எழுது. குழாய் நல்லது, வயித்தக் கிழிக்க மாட்டாங்க, பத்து நாள்ல வூட்டுக்கு வந்துடலாம்னு. நானே படிச்சுக் காட்டுறேன்... நானே சொன்னா என்னவா? நான் எப்படிடா சொல்றது! எனக்கு வேணாம்னு ஊர்முன்னால சிரிக்கச் சிரிக்கச் சொன்னவன், அவன மட்டும் போன்னா, ஏன்னு கேக்க மாட்டானா? ஏன்னா என்ன சொல்லுவேன்?

எனக்கா? நான் வருவேன், வரலைங்கல. திருவிழா முடிஞ்சு திங்கக்கிழமை... ஏன்? ... வியாழக்கிழமையா? நாளான்னிக்கா? அதுதான் கடைசியா? ... டாக்டர் லீவுல சீமைக்குப் போறாரா. எத்தினி நாளைக்கு? ... ஆறு மாசம். ம்... வேற டாக்டர் பண்ண மாட்டாங்களா? ... ஓ, அந்தக் குழாய அவருதான் பழகியிருக்காரு. ஆமா, யுத்தத்துக்கப்புறம் வந்த கருவின்னு சொன்னியே... மத்தவங்கன்னா வயித்தத் தெறந்துதானா... திங்கக்கிழமை வியாழனுக்கு அப்புறம்தான் வரும், கெழம எனக்கும் தெரியும் மாப்ள! முப்பது வண்டிய வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? மொத வண்டி காலியாவா போவும்?

உங்க அக்காவ ஏன் இழுக்குற? ... அழாதடா. கம்பவுண்டரு நீ அழுவலாமா, நோயாளிங்க பாக்கப்போறாங்க... யாரு? ... போன வாரமா? ... எந்த ஊரு... சாயப்பட்டறையில வேல பாத்தவரா. ஒரு வருசமா விட்டு விட்டு வந்திருக்கா, வலியில்லன்னு இருந்துட்டாரா... ம்... குழாய் விட்டுப் பாத்தா... ம்... வேரு சதைக்குள்ள எறங்கிடுச்சா... தெறந்து பாத்துட்டு அப்படியே தெச்சிட்டாங்களா. ஒண்ணும் பண்ணாமயா? ... என்ன வயசு? ... நாப்பத்தாறு...

ம்... கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.  என்னைவிட ரெண்டு வயசு கம்மி.

மாப்ள... இரு... இரு, இரு. வாசல்ல உத்திராபதி நிக்கிறான்... ஆமா, அவன் வண்டியிலதான் வந்தேன். மேப்பு வாங்குறதுன்னுதான் அவன்கிட்டயும் சொன்னேன். வெளிய மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருந்தவன், வாளியோட வந்து நிக்கிறான்... எப்பலேருந்துன்னு தெரியல. நான் கத்துன கத்து கடைவீதி வரைக்கும் போயிருக்கும்... என் மூஞ்சியத்தான் பாக்குறான்... போன வச்சிடாத. அப்படியே இரு.

உத்திராபதி... எப்ப வந்த? ... எல்லாமேவா? ... ம்... ஆமாடா. எனக்கும் நிக்கல... இருபத்திரெண்டு நாளா... கோயில்ல சொன்னப்ப நின்னுதான் இருந்துச்சு, அது பொய்யில்ல. வாசல்ல நின்னு உன்கிட்ட சொன்னேன் பாரு, அதுதான் பொய்யி... உனக்கு ஒண்ணும் பலிக்காமப் போவல. நீ ஒரு குத்தமும் பண்ணல... இல்லடா, வேதக்காரன், வேதக்காரன் இல்லாதவன்னு அதுக்கென்ன தெரியும்? எனக்கு ஞானஸ்நானம் ஆயிருக்கு, உறுதிபூசுதல் ஆயிருக்கு, எனக்கே வருது... திட்டுறதா இருந்தா திட்டு உத்திராபதி. இத்தினி பேரு முன்னாடியே திட்டு. நானும் உன்ன இத்தினி நாளு...

ஹலோ... இருக்கேன் மாப்ள... என்ன பண்றானா? கீழ உக்காந்துட்டான். வாளியப் பக்கத்துல வச்சிட்டு... அழுவுறான்னு நெனச்சேன், சிரிக்கிறான் போலருக்கு... தெரியல, ரெண்டும்தான். 'அப்ப நான் ஒண்ணும் பண்ணலைங்களா, நான் ஒண்ணும் பண்ணலைங்களா'ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்றான்... ரெண்டு மாசமா இவன் நோயோட அதையும் தூக்கிக்கிட்டு நடந்திருக்கான்டா. என்னால... இரு. மூக்கச் சிந்திக்கிறேன்.

மாப்ள, வியாழக்கிழமைக்கு ரெண்டு கட்டில் கெடைக்குமா? ... கேட்டுச் சொல்லாத, கேட்டு வாங்கி வையி. ஒண்ணுதான் கெடைக்கும்னா அது அவனுக்கு... ஏன் அப்படிச் சொல்ற, அவன்தான் எளைச்சிருக்கான்... சரி, சரி, ரெண்டு. டாக்டர் கால்ல விழு. நான் அவரப் பத்திப் பேசுனதச் சொல்லிடாத... இல்ல, சொல்லிடு. நானே வந்து சொல்றேன், குழாய கையில எடுக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன்.

என்னடா உத்திராபதி? ... மாப்ள, குழாய் எம்மாம் தண்டி இருக்கும்னு கேக்குறான்... நான் சொன்னா நம்ப மாட்டான், இனிமே எதுக்கும் நம்ப மாட்டான். நீயே சொல்லு, நான் அப்படியே சொல்றேன்... பென்சில விடக் கொஞ்சம் மொத்தம்ங்கிறான் உத்திராபதி... இந்தத் தடவ முதுகுல ஊசி போட்டுடுவாங்களாம், இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியாதாம்... அப்புறம்? ... ரெண்டு மூணு நாளைக்கு ஒரு ரப்பர் குழாய் இருக்கும், தண்ணி செவப்பாத்தான் போவும், அதுக்குப் பயப்படக்கூடாதாம்... செதுக்குனத பூதக்கண்ணாடியில வச்சுப் பாத்து, நல்லதா கெட்டதான்னு சொல்லுவாங்களாம்... என்னது? மூணு மாசத்துக்கு ஒருக்கா திரும்ப வரணுமா? திரும்பக் குழாயா? ... எத்தினி வருசத்துக்கு? ... ம். இதச் சொல்லட்டுமா அவன்கிட்ட? ... சொல்லிடுறேன். இனிமே ஒண்ணையும் முழுங்கறதா இல்ல... உத்திராபதி, மூணு மாசத்துக்கு ஒருக்கா போவணுமாம்டா, ரெண்டு பேரும்... சுருட்டும் கூடாதாமே. பீடியும்... அதுக்குத்தான் மூஞ்சியச் சுளிக்கிறான் மாப்ள! குழாய்க்குக்கூட இப்படிச் சுளிக்கல.

சாயங்கால வண்டி இருக்கு. ஏறிடுறோம், காலையில எழும்பூர்ல இருப்போம். வந்து நில்லு... மாடா? மாட்ட என்ன பண்றதுன்னு அவனும் அதான் கேக்குறான்... சார்? நீங்களா? ... நெசமாவா சார்? ... மாப்ள, போஸ்ட்மாஸ்டர் வூட்டுக் கொட்டாயில கட்டிக்கிறாராம், யாராவது ஊர்லேருந்து வந்து ஓட்டிக்கிட்டுப் போற வரைக்கும்... ஆமா, உத்திராபதி பொஞ்சாதி கொளஞ்சியம்மாவுக்கும் சேதி போவணும். எல்லாத்துக்கும் சேதி போவணும்... லீலாவுக்கா? ... அவளுக்கு நானேதான் எழுதணும் மாப்ள. எல்லாரும் என் வாயத்தான் நம்புனாங்க. அவ ஒருத்திதான் என்னை நம்புனா.

ம்மா? ... இன்னும் ஒரு நிமிசம், ஒரே நிமிசம்...

மாப்ள, சீக்கிரம். ஒண்ணு கேக்கணும். சிரிக்காம கேக்குறேன், நீயும் மழுப்பாம சொல்லு. நான் நாலு மாசம் விட்டுட்டேன். அது இப்ப எவ்வளவு இருக்கும்? குழாய்க்கு அடங்குமா, இல்ல... வேரு எறங்கியிருக்குமா? நீ தெனம் பாக்குறவன், கட்டி கட்டியா வருதுன்னு நான் சொன்னதும் அடைக்குதான்னு கேட்ட பாரு, அப்ப உன் கொரலு மாறிடுச்சு. அத நான் கவனிச்சேன்... சொல்லு... பிலவேந்திரா? ... எனக்கு மனசு திடமாத்தான் இருக்கு, சொல்லு... மாப்ள? ... ஹலோ... ஹலோ!

சார், ஒண்ணும் கேக்கல... லைன் போச்சா? ... எப்பப் போச்சு சார்? நான் கேட்டதுக்கு முன்னாடியா, அப்புறமா? ... இல்ல சார், வேணாம். திரும்பப் போட வேணாம். அங்க போயி, காலத் தூக்கிப் போட்டுக்கிட்டு, டாக்டர்கிட்டயே கேட்டுக்கிறேன்... ரெண்டு கார்டு குடுங்க சார். கவர் வேணாம், கார்டுதான். ஒண்ணு சாமியாருக்கு, ஒண்ணு எம் வூட்டுக்கு, கொளஞ்சியம்மாவுக்கும் அதுலயே எழுதிடுறேன்... தெரியும் சார், வழியில எல்லாரும் படிப்பாங்க. படிக்கட்டும்... மையி இருக்கா? ... உத்திராபதி, எழுந்திரு. மாட்ட அவுத்து, சார் வூட்டுக் கொட்டாயில கட்டு.